மசத்லான் கரையில் நிற்பவர்கள்

கடலுக்கு முதுகு காட்டியபடி ஒருவன் நின்றான். தான் பராமரிக்கும் இத்தாலியக் கிழவியான சின்யோராவுக்குப் பின்னேரச் சூப்பை ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் கத்தரீனா அவனைக் கண்டாள். தொலைக்காட்சியில் எந்நேரமும் ஓடுவது மசத்லான் கடற்கரை. மெக்சிக்கோவின் பசிபிக் கரையில் உல்லாசப் பயணிகள் குவியும் துறைமுக நகரம் அது. சின்யோராவின் மகன் கப்பலிலிருந்து இறங்கிப்போய்க் காணாமற்போன இடம். விடுதியொன்றின் நேரலைக் கமரா அங்கத்தைய காலையை அப்படியே பலெர்மோ நகரின் சீசாப் பகுதியிலிருந்த இந்த இரண்டாம் மாடி அறைக்குள் கொண்டுவந்து கொட்டும். வெயிலுக்காக இறக்கிவிட்ட சாளர அடைப்புகளின் இருட்டும், தைலமும் மூத்திரமும் கலந்த வாடையும், கீழே பஸ் நின்று இரைகிற சத்தமும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அலையோசையும் அவளுக்குப் பழகிப்போயிருந்தன.

அந்த ஆள் பழகவில்லை. அரைக்காற்சட்டையோடு, கைகளைத் தொங்கவிட்டு, கமராவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த நாள் அவனருகே ஒரு குடும்பம். பிறகு இளநீர் விற்பவள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள், ஈரம் சொட்டச் சொட்ட. ஒவ்வொரு நாளும் விடுதி மதிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டவாக. அவர்கள் அசைவதை மட்டும் அவள் ஒருநாளும் காணவில்லை.

தொலைக்காட்சியை நிறுத்தட்டுமா என்று கத்தரீனா கேட்டதற்குச் சின்யோரா கரண்டியைத் தட்டிவிட்டாள். வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது, நாட்டுக்குத்தான் திரும்பவேண்டும் என்று சிரித்தபடி நினைவூட்டினாள்.

கத்தரீனா குசினிக்குள் போய்த் தோழி துசானிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"கரையிலை ஒருத்தரும் அசையேல்லை."

"படம் நிண்டுபோச்சாக்கும், அக்கா."

"இல்லை. அலை அடிச்சுக்கொண்டு இருக்குது."

துசானி தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றச் சொன்னாள்.

கத்தரீனா அறைக்குத் திரும்பினாள். கட்டிலில் சின்யோரா தலைவரை போர்த்திப் படுத்திருந்தாள். கத்தரீனா பிளக்கைப் பிடுங்கினாள்.

படம் போகவில்லை. அலையோசை போகவில்லை. வாடை மட்டும் மாறியிருந்தது. உப்பு. அழுகிய பாசி.

திரையில் எல்லோரும் மதிலடிக்கு வந்துவிட்டிருந்தார்கள். நிமிர்ந்த முகங்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளை இரவுச்சட்டை. மெலிந்த கழுத்து.

சின்யோரா.

பின்னால், கட்டிலில், போர்வை விலகும் சத்தம்.

"வா பிள்ளை," என்றது சின்யோராவின் குரல். "தண்ணி இளஞ்சூடா இருக்கு."

சின்யோராவுக்குத் தமிழ் தெரியாது.

கத்தரீனா திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். அத்தனை நாளும் அசையாதவர்கள் அசைந்தார்கள். சின்யோராவின் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, இடம்விட்டு ஒதுங்கினார்கள்.