கேட்காமல் மாற்று

வெளியே துடைப்பச் சத்தம் இரண்டாகக் கேட்டது.

லோயிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திருப்பதி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் ஏசியின் உறுமலும் குளிர்ந்த பிளாஸ்டிக் வாசனையும் நிறைந்திருக்க, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தாழ்வாரத்தில் ஈர்க்குச்சிகள் சிமெண்டை உரசிக்கொண்டிருந்தன. பெருக்குகிறவள் வள்ளி ஒருத்திதான். ஆனால் இந்தக் கோடியில் ஒரு சத்தமும் அந்தக் கோடியில் ஒரு சத்தமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் எழுந்து எழுந்து அடங்கின.

சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மகள் கிருபா வெளியே பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதியபடி காத்திருக்கிறாள். சீக்கிரம் வேலையை முடிக்கத்தான் லோயிஸ் புரோகிராம் எழுதும் எடிட்டரில் தனக்கென்று சில விசைகளை அமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயரை ஃபைல் முழுக்க மாற்ற ஒரே விசை போதும். ஒவ்வோர் இடத்திலும் மாற்றவா, மாற்றவா என்று அது கேட்டு நிற்கும். அந்தத் தொல்லையையும் நிறுத்திவைத்திருந்தாள்.

புரோகிராமைச் சோதிக்க, கிருபா, வள்ளி என்று வாயில் வந்த பெயர்களை ஊழியர்களாகப் போட்டிருந்தாள். சற்றுமுன் மேலதிகாரி திருவேங்கடம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், பாப்பாவுக்கும் இங்கயே வேலை போட்டுட்டீங்களா? ஆபீஸ் ஆளுங்க பேரா இருக்கட்டும்."

அப்போது வள்ளி வாளியோடு கடந்துபோனாள். லோயிஸ் ஃபைலில் கிருபா என்று இருந்த இடத்திலெல்லாம் வள்ளி என்று மாற்றினாள். ஒரு விசை. பிறகு வெற்று வரிகளை நீக்கினாள். அது இன்னொரு விசை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தலை நரைத்த வள்ளி நிமிர்ந்தாள்.

"எனுக்குத் தொணைக்கு ஆள் போட்டுக்கிறீங்களாம்மா? என்னவிட நல்லா பெருக்குதே."

அந்தக் கோடியில் கிருபா. எட்டு வயது முதுகைக் கிழவிபோல் வளைத்து, இடுப்பில் ஒரு கை ஊன்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கிருபா, என்னடி இது? வா, போகலாம்."

பிள்ளை நிமிரவில்லை.

"அப்பால நில்லுங்க லோயிஸம்மா. தூசி."

பிள்ளையின் குரலில் வள்ளியின் புகையிலைக் கரகரப்பு. பால்பல் விழுந்த ஈறில் வெற்றிலைக் கறை.

லோயிஸ் உள்ளே ஓடினாள். செய்ததைத் திரும்பப் பெறும் விசையை அழுத்தினாள். வெற்று வரிகள் திரும்பி வந்தன. அவ்வளவுதான். அந்த எடிட்டர் கடைசியாகச் செய்ததை மட்டுமே நினைவில் வைத்திருக்கும்.

துடைப்பங்கள் கதவை நெருங்கின.

வள்ளியையெல்லாம் கிருபாவாக மாற்றச் சொன்னாள். அழுத்தினாள். அது எதுவும் கேட்கவில்லை.

சத்தம் நின்றது. இரண்டும்.

"மம்மி, பசிக்குது."

மகளின் குரலேதான். லோயிஸ் மேஜையில் தலைசாய்த்து மூச்சுவிட்டாள்.

"மம்மி, பசிக்குது."

இது ஆளுயரத்திலிருந்து வந்தது.

பழைய வள்ளி. ஃபைலில் முதலிலிருந்தே இருந்த வள்ளி. அவளும் மாறியிருப்பாள்.

திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால் இருவரும் தூக்கச் சொல்லிக் கைகளை உயர்த்தியபடி நின்றார்கள். தூக்கம் வந்தால் கிருபா கடிப்பதுபோல் இருவரும் கீழுதட்டைக் கடித்திருந்தார்கள். நரைத்தவள் கண்ணாடியில் நெற்றியை முட்டி விசும்பத் தொடங்கினாள்.

லோயிஸ் கதவைத் திறந்தாள். அவள் கைகள் தாமாகவே அந்த நரைத்த தலையை மார்போடு அணைத்துக்கொண்டன.

சின்னவள் கைகளைத் தூக்கியபடியே நின்றாள்.