இரவல் பிள்ளைகள்

ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரையில், அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்தது எங்கள் தமிழ்ப் பள்ளி. நான் அங்கே உதவி ஆசிரியன். அன்று காலை நனைந்தபடி வந்து சேர்ந்தபோது, தலைமையாசிரியர் ரெங்கசாமி வாசலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருகிற நாள். வகுப்பு நிறையாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். மூடினால் எங்கள் பிள்ளைகள் மில்லில் உமி கூட்டப் போகவேண்டியதுதான்.

ரங்கூன் புறநகர்ப் பள்ளிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இன்ஸ்பெக்ஷன் நாளில் பிள்ளை குறைந்தால் வேறு பள்ளியில் இரவல் கேட்போம். அவர்கள் முறை வரும்போது நாம் அனுப்பவேண்டும். துரைக்கு நம் பிள்ளைகளின் முகமெல்லாம் ஒன்றுதான். அந்த மட்டுக்கும் அவர் நல்லவர். இந்தத் தடவை லத்தா பேட்டைப் பள்ளியிலிருந்து பர்கத்துல்லா வாத்தியார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

மழை விடவில்லை. துரையின் வண்டி தெருமுனையில் திரும்புகிற நேரத்தில்தான் பிள்ளைகள் வந்தார்கள். ஓடைப் பக்கத்து வாசல் வழியாக, வரிசையாக, காலடிச் சத்தமே இல்லாமல் வந்து பின்பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.

"பர்கத்துல்லா நல்லாத்தான் பழக்கி வச்சிருக்காரு" என்று ரெங்கசாமி என் காதில் கிசுகிசுத்தார்.

எனக்கென்னவோ பிடிக்கவில்லை. பிள்ளைகள் என்றால் கொஞ்சமாவது நெளியவேண்டும், பக்கத்துப் பையனைக் கிள்ளவேண்டும். இவர்கள் இமைக்கவே இல்லை. அறைக்குள் சேற்று வாடை எழுந்து, போகாமல் நின்றது.

துரைக்குப் பரம திருப்தி. பள்ளி பிழைத்தது.

அவரை வண்டியேற்றிவிட்டுத் திரும்பினோம். பின்பெஞ்சுகள் காலி.

பலகைகளின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது.

சாயங்காலம் பர்கத்துல்லா குடையும் கையுமாக ஓடிவந்தார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. தெருவெல்லாம் வெள்ளம். ஒரு புள்ளையக்கூட அனுப்ப முடியல."

ரெங்கசாமி பின்பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஓடைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவே பயமாக இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த மழை நாளில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஓடைப் பக்கத்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கோட்டும் தலைப்பாகையுமாகப் பார்க்க வாத்தியார்போல இருந்தார். கோட்டிலிருந்து சேற்று நீர் சொட்டியது.

"நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்ஷன். புள்ளைங்கள அனுப்பி வைங்க."

"எந்தப் பள்ளிக்கூடம்ங்க?" என்று கேட்டார் ரெங்கசாமி.

அவர் ஓடையைக் காட்டினார்.

"முடியாது. அனுப்பமாட்டேன்."

"நாங்க அனுப்புனோமே" என்றார் அவர், மெதுவாக.

அடுத்த நொடி வாசலில் மழை மட்டும் இருந்தது.

ரெங்கசாமி அப்போதே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். வெளியே தலைகாட்டவிடாதீர்கள் என்று பெற்றவர்களிடம் நேரில் போய்ச் சொன்னார். எந்தப் பள்ளிக்காக நாயாய் அலைந்தாரோ அதைத் தன் கையாலேயே பூட்டி, சாவியைத் துரைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் போனாப் போவுது தம்பி. புள்ளைங்க நல்லா இருந்தாப் போதும்" என்றார்.

மறுநாள் காலை, மில்லில் வேலை செய்யும் தைலம்மாள் தலைவிரிகோலமாக எங்களிடம் ஓடிவந்தாள். "வாத்தியாரே, எம்மவளப் பாருங்க. கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குறா."

ஓடினோம். அவள் மகள் செல்லக்கண்ணு குடிசைக்குள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது.

தோளைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் அம்மாவும் கூப்பிடவில்லை.

செல்லக்கண்ணு எழுந்து நின்றாள்.

"உள்ளேன் ஐயா."

பக்கத்துக் குடிசையிலிருந்து இன்னொரு பிள்ளையின் குரல் கேட்டது. "உள்ளேன் ஐயா."

அதற்கடுத்த குடிசையிலிருந்தும் கேட்டது. ரெங்கசாமி காதைப் பொத்திக்கொண்டார். தெரு முழுக்க, வகுப்பில் உட்காரும் அதே வரிசையில், எங்கள் பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டே போனார்கள்.