ஒரே மூச்சில் ஒரு வரி

பாடகி வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, மின்விசிறியை நிறுத்த முடியுமா என்றுதான். அதன் கிறீச் சத்தம் காதை அறுக்கிறதாம். துப்பறிவாளர் எழுந்து நிறுத்தினார். துப்பறிவாளர் அம்மாள் காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்து மேய்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையை வீட்டு முன்னறையில் செய்துகொண்டிருந்தார். கூடவே அவருடைய தம்பி. எந்த வழக்கையும் முதல் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக.

பாடகியின் துறை, கவிதைக்கு இசையமைத்து ஒரு குரலும் ஒரு பியானோவுமாகப் பாடுகிற பாட்டு. பாட்டு பாடிய இடத்திலேயே முடிந்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதனால் வாழ்நாள் முழுக்க ஒரு பதிவுக்குக்கூட ஒத்துக்கொண்டதில்லை. தொண்டை இனி அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மனம் இறங்கி, எட்டுப் பாட்டுகளை ஒரு சிடிக்காகப் பாடினார். அந்த சிடியின் முதல் பிரதியைத்தான் இப்போது மேசையில் வைத்தார்.

"எட்டாவது பாட்டுல இருக்கிறது என் குரல் இல்லை," என்றார்.

அந்தப் பாட்டில் ஒரு பெண் ஜன்னலைச் சாத்துகிறாள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூன்றாவது வரி ஆளைக் கொல்லும் நீளம்; ஒரே மூச்சில் பாட வேண்டும். பாடகி நடுவில் திருட்டுத்தனமாக ஒரு குட்டி மூச்சு எடுப்பார். எந்த மேடையிலும் அப்படித்தான். சிடியில் அந்த மூச்சு இல்லை.

யார் பாடியது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. அக்காளின் மகள், அவரே பாட்டுச் சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண். இருவருக்கும் ஒரே குடும்பக் குரல். பியானோக்காரர் முப்பது வருடமாகப் பாடகியைத் தவிர வேறு யாருக்கும் வாசித்ததில்லை. அந்தப் பெண் மட்டும்தான் விலக்கு; பாடகியே சொல்லி இரண்டு வருடமாக அவளுக்கும் வாசிக்கிறார். இருவரும் சேர்ந்து தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்பது பாடகியின் கட்சி. வருகிற சனிக்கிழமை அந்தப் பெண்ணின் முதல் கச்சேரி. அதைப் பாடகி நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். நாளை மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் அரங்கத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண் தான் பாடவில்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பாடகி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துப்பறிவாளர் சிடியை முழுதும் போட்டுக் கேட்டார், எட்டாவதை மட்டும் திரும்பத் திரும்ப. அவருக்கு இசை ஞானம் கிடையாது. அதனால் இசையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கேட்டார். எட்டாவது பாட்டின் நடுவில் பியானோ தனியாக வாசிக்கும் இடத்தில், துணி உரசுவது போல மெல்லிய சத்தம் ஒன்று வந்து போனது. முடிவும் ஒரு மாதிரி இருந்தது. மற்ற ஏழு பாட்டுகளிலும் பியானோவின் கடைசி ஒலி தேய்ந்து தேய்ந்து காணாமல் போகிறது. இதில் அது தேய்வதற்குள் நறுக்கென்று நின்றுவிட்டது. மற்ற பாட்டுகளில் உரசல் எதுவும் இல்லை.

"அந்தப் பொண்ணேதான் அக்கா, சந்தேகமே இல்லை," என்றார் தம்பி. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் இருவரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். உள்ளே விடுவதற்கு முன் ஒலிப்பதிவாளர் தம்பியின் சாவிக்கொத்தையும் செருப்பையும் கையிலிருந்த செய்தித்தாளையும் பிடுங்கி வெளியே வைத்தார். இந்த அறைக்குள் காகிதமே கூடாதாம். மைக்குக்கு ஒரு தாள் அசைந்தாலும் இடி இடித்த மாதிரி கேட்குமாம். அப்படியானால் பியானோக்காரர் எதைப் பார்த்து வாசிப்பார் என்று துப்பறிவாளர் கேட்டார். அவர் காகிதத்தை விட்டுத் தொடுதிரைக் கணினிப் பலகைக்கு மாறிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார் ஒலிப்பதிவாளர். கண் கோளாறு. பெரிய எழுத்தாக வைத்துக்கொண்டு, காலால் ஒரு கட்டையை அழுத்திப் பக்கம் மாற்றுவார். காகிதத்தில் அச்சிட்ட இசைக்குறிப்பைக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

எட்டாவது பாட்டைப் பற்றிக் கேட்டதும் மனிதர் கொஞ்சம் நெளிந்தார். பதிவானவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுக்கப் பியானோக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஏழு பாட்டுக்கு, எந்தப் பதிவைப் போட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் வந்தது. எட்டாவது மட்டும் குரலும் பியானோவும் ஒன்றாகக் கலந்து, முடிந்த பாட்டாகவே வந்தது.

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டா, அதைச் சரிபண்ற வேலையும் என் தலையிலதானே விழும்," என்றார் ஒலிப்பதிவாளர்.

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. பியானோக்காரர் வீட்டில், அந்தப் பெண் பாட, கூட்டுச் சதி என்று அடித்துச் சொன்னார். துப்பறிவாளர் பிடி கொடுக்காமல் கார் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை எல்லோரையும் பியானோக்காரர் வீட்டுக்கே வரச் சொன்னார். பாடகி ஒரு மூலை நாற்காலியில், பெண் அதற்கு எதிர்மூலையில். பியானோக்காரர் தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பாட்டை மாத்தினது இவர்," என்று துப்பறிவாளர் பியானோக்காரரைக் காட்டி ஆரம்பித்தார். "அதை இவரே மறுக்கப்போறதில்லை. பாடினது யாருங்கிறதுதான் கேள்வி."

தம்பியின் செய்தித்தாளை வாங்கி, நிதானமாக ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு சிடியில் அந்த இடத்தைப் போட்டார். இரண்டும் ஒரே சத்தம்.

"இது பக்கம் புரட்டுற சத்தம். பத்து வருஷத்துக்கு மேல இவர் காகிதத்தைப் பாத்து வாசிச்சதே இல்லை. அப்போ இந்தப் பதிவு அதுக்கும் முந்தினது. அந்த நாள்ல இந்தப் பொண்ணு பள்ளிக்கூடப் பையைத் தூக்கிட்டு அலைஞ்சிருப்பா."

"அப்போ வேற யாரோ," என்றார் பாடகி.

"வேற யாருக்கும் இவர் வாசிக்கலை. முப்பது வருஷமா உங்களுக்கு மட்டும்தான்னு என்கிட்ட சொன்னது நீங்க."

பாடகிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "எனக்கு என் குரல் தெரியாதா?"

"உள்ளேருந்து தெரியும். வெளியேருந்து நீங்க கேட்டதே இல்லையே. ஒரு பதிவுக்கும்தான் விடலை. முதல் தடவையா இந்த சிடியில கேட்டது இன்னைக்கு இருக்கிற குரலை. அதோட வச்சுப் பாத்தா இது வேற ஆள்தான்." துப்பறிவாளர் பியானோக்காரரிடம் திரும்பினார். "கடைசில எதையோ வெட்டியிருக்கீங்க. வெட்டாததைப் போடுங்க."

அவர் உள்ளே போய் ஒரு பழைய கேசட்டைக் கொண்டுவந்தார். ஒத்திகைக்கு உதவட்டும் என்று அந்தக் காலத்தில் பாடகிக்குத் தெரியாமல் பதிந்ததாம். பாட்டு ஓடியது. மூன்றாவது வரி உடையாமல் நீண்டு முடிந்தது. கடைசி ஒலி அடங்கும் முன்பே ஒரு பெண் சிரித்தாள். "பாத்தீங்களா, மூச்சு விடவே இல்லை. இன்னைக்குன்னு பாத்துக் கேக்க ஒரு ஆள் இல்லை பாருங்க," என்றாள். அந்தப் பேச்சு பாடகியுடையது. அதை மறுக்க யாராலும் முடியாது, அவரால்கூட.

பியானோக்காரர் மெதுவாகச் சொன்னார். "கூடத்துல பாடினப்போ அந்த வரியில உங்களுக்குக் குரல் உடைஞ்சிடுச்சு. அதைக் கேட்டா சிடியே வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தேன். நீங்க இப்படிக் குழந்தை மேல பாய்வீங்கன்னு நெனைக்கலை. அப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை."

பாடகி வெட்கிப் போனார். மூச்சு விடாமல் பாடியவள் என்று இத்தனை நாளும் தான் பொறாமைப்பட்டது தன்மேலேயே என்பதைவிட, அதற்காகப் பெற்ற பெண் போல வளர்த்தவளைத் திருடி என்று நினைத்ததுதான் அவரை அறுத்தது. உடைந்த குரலே இருக்கட்டும், அன்று பாடினதையே சிடியில் போடுங்கள் என்று பியானோக்காரரிடம் சொன்னார். பிறகு அங்கேயே அரங்கத்துக்குத் தொலைபேசியில் பேசி, சனிக்கிழமைக் கச்சேரியை உறுதி செய்தார். தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தார். துப்பறிவாளர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பாடகி எழுந்து எதிர்மூலைக்குப் போனார். "தப்புப் பண்ணிட்டேன்டி. சனிக்கிழமை நீ பாடணும்."

பெண் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"பாடுறேன் சித்தி," என்றாள் கடைசியில். "ஆனா நீங்க முன்வரிசையில உக்காராதீங்க. உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால இப்போ பாட முடியாது."

பாடகி தலையசைத்தார். "சரி. பின்னால எங்கயாவது உக்காந்துக்கறேன். கேட்டா போதும்."