ஓடு உடைக்காத குஞ்சுகள்

பொரிப்பகத்துக்குள் கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. வழக்கமாக, முட்டை பொரியும் இருபத்தோராம் நாள் காலையில் அந்தக் கூடத்தில் நின்று பேசவே முடியாது. குஞ்சுகள் அப்படிக் கத்தும். திலகவதி ஒரு முட்டையை உடைத்தாள். குஞ்சு முழுதாக வளர்ந்திருந்தது. ஓட்டைக் கொத்தத்தான் தெம்பில்லாமல் செத்திருந்தது.

"ஏழு மாசக்காரி இதையெல்லாம் பாக்கோணுமாங்க டாக்டரம்மா?" என்றார் பண்ணைக்காரர் நல்லசிவம்.

கால்நடை மருத்துவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? அவளுக்கு உள்ளுக்குள் வேறு கவலையும் இருந்தது. வயிற்றுப் பிள்ளை சரியாக அசைவதே இல்லை. "இப்பல்லாம் குழந்தைங்க அமைதியாத்தான் இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

குஞ்சின் வயிற்றில் மிஞ்சியிருந்த மஞ்சள் கருவில் கையடக்கக் கொழுப்பு அளவியை வைத்தாள். கொலஸ்டிரால் அறவே இல்லை. அது இல்லாமல் நரம்புக்கு உறை எப்படி உருவாகும், குஞ்சு எப்படி அசையும்?

"தாய்க்கோழிக்குக் கொழுப்பொடுக்கி போட்டீங்களா?"

கொழுப்பொடுக்கி, தீவனத்தில் கலக்கும் உயிர்த்தூள். அதிலுள்ள நுண்ணுயிர் குடலில் குடியேறி, ஈரல் கொலஸ்டிராலைச் சுரக்காமல் தடுத்துவிடும். அதைத் தின்ற கோழியின் முட்டை கடைக்கு வந்ததிலிருந்து ஊரே பயமில்லாமல் தின்றது; மாரடைப்பென்ற பேச்சே அடங்கிப்போனது. குஞ்சு பொரிக்கும் கோழிக்கு மட்டும் அது ஆகாது.

நல்லசிவத்துக்குச் சுர்ரென்றது. "அந்தத் தூளு இந்தக் கேட்டைத் தாண்டுனதில்லீங்க. குளிச்சுத் துணி மாத்தாம எம் பொண்டாட்டியக்கூட உள்ள உடறதில்ல. வேலைக்காரங்க ஊட்டுல கோழி வளக்கவே கூடாதுன்னு வெச்சிருக்கறன்!"

பொய்யில்லை. தீவனமும் தண்ணீரும் சோதனையில் சுத்தம். ஆனால் கோழிகளின் எச்சத்தில் அந்த நுண்ணுயிர் மொய்த்தது. குளித்தால் தோல் சுத்தமாகும், குடல்?

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"கடை முட்டைல ரெண்டு ஆஃபாயிலுங்க. தெனமும் அதுதான்."

வேகவைத்தால் முட்டையிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும் என்று கணக்குப் போட்ட மேதாவிகள் ஆஃபாயிலை மறந்துவிட்டார்கள்! அவர் விரலை அளவியில் வைத்தாள்.

"கொலஸ்டிரால் இல்லை. வாழ்த்துகள்!" என்றது அளவியின் இனிய குரல்.

நல்லசிவம் பழக்கதோஷத்தில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப நாங்கதான் கோழிக்கு ஒட்ட வெச்சுட்டமா? செரி, ஆளுகள வெளிய நிறுத்தீட்டு, புதுக்கோழி எறக்கி, மெஷினை வெச்சே தீனி போடறன். கோழி பொழச்சுக்குமில்லீங்க?"

"கோழி பொழச்சுக்கும்."

மசக்கையில் அவள் வாய்க்கு ஒப்பியதும் ஆஃபாயில் ஒன்றுதான். பார்க்காமலே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு தன் விரலை அளவியில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அளவி அவளையும் வாழ்த்தியது.