பத்து வெள்ளைத் தாள்கள்

"பறவைங்க செத்திருந்தா எங்க வீட்டுக்காரர் தப்பிச்சிருப்பாரு. உயிரோட இருக்கறதால ஜெயிலுக்குப் போகப்போறாரு!" என்று அழுதபடி வந்து நின்றார் பறவைக் கடைக்காரரின் மனைவி.

அண்ணி அவரை உட்காரவைத்து விசாரித்தார். துப்பறிவது அண்ணியின் தொழில். அவர் பின்னால் ஓடுவது கொழுந்தனின் தொழில்.

கடைக்காரருக்கும் அவர் தம்பிக்கும் நடந்த சொத்துத் தகராறில் கடையை அப்படியே பூட்டி அரக்கு முத்திரை வைக்கச் சொன்னது நீதிமன்றம். உள்ளே இருந்த பறவைகளைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முத்திரை அப்படியே இருந்தது; திறந்தால், பறவைகள் எல்லாம் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. கள்ள முத்திரை செய்து உள்ளே போய்வந்ததாகக் கடைக்காரர் தலையில் பழி விழுந்தது. மாலையில் தீர்ப்பு.

நீதிபதியின் அனுமதியோடு அண்ணி கடைக்குள் போய்க் கூண்டுத் தட்டை இழுத்தார். அடியில் கடைக்காரர் விரித்த பூப்போட்ட தாள். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைத் தாள்கள். கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினான்.

"பத்து அண்ணி. ரெண்டுல மட்டும் எச்சம் ரெண்டு மடங்கு. தினம் ஒண்ணுன்னா ரெண்டு குறையுதே?"

"நடுவுல ரெண்டு ஞாயிறு வந்துச்சே!"

மாலையில் நீதிபதியின் அறையில் கடைக்காரரும், முத்திரை வைத்த நீதிமன்ற ஊழியரான அமீனாவும் நின்றார்கள். அண்ணி நிதானமாகச் சொன்னார்: "கள்ள முத்திரை இவர் கையில இருந்தா ஞாயித்துக்கிழமையும் போயிருப்பாருங்கய்யா. பசிக்கு ஏது லீவு? வந்தவர்கிட்ட இருந்தது அசல் முத்திரை. ஞாயிறு மட்டும் அது கோர்ட்டு அலமாரியில பூட்டிக் கிடக்கும். மத்த நாள் அதை எடுக்கறது ஒருத்தர்தான்."

அமீனா சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நான்தாங்கய்யா. ரெண்டு நாளா இதை வச்சிக்கிட்டுக் கொடுக்கத் தைரியமில்லாம நின்னேன், அதுதான் பெரிய தப்பு. பூட்டினது என் கை. உள்ளேருந்து கத்தறது கேட்டுச்சு, சாப்பாட்டு நேரத்துல போய்த் தீனி வச்சேன். உத்தரவை மீறினேன், தண்டனை கொடுங்க. இவரை விட்டுடுங்க."

கொழுந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மனுஷனைக் காட்டிக்கொடுக்கவா கூடவே ஓடினோம் என்றிருந்தது. அண்ணியின் முகத்திலும் ஈயாடவில்லை.

கடைக்காரரை விடுவித்துவிட்டு, நீதிபதி பணியிடை நீக்க உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு எழுந்து நின்று அமீனாவைப் பார்த்தார்.

"உத்தரவு நாளையிலேர்ந்து. இன்னைக்கு நீங்க இன்னும் அமீனாதான். போய் அந்தப் பறவைங்களை எல்லாம் இவர்கிட்ட ஒப்படைச்சிட்டு வாங்க. நானும் வரேன்."