இரண்டாவது கோர் தூங்கவில்லை

“தூங்க வைக்கிறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?” என்று அக்கா ஒருமுறை தங்கையிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்போ முதல்ல என்னைத் தூங்க வைடி, புண்ணியமாப் போகும்” என்று சிரித்தாள்.

அக்கா மருத்துவமனையில் இரவுப்பணி நர்ஸ். பகலெல்லாம் கனத்த திரைச்சீலைக்குப் பின்னால் பக்கத்து அறையில் உறங்குவாள். தங்கைக்கு வேலை கூடத்து மேசையில். கணினியின் மூளையான பிராசசருக்குள் இருக்கும் கோர்களை, செய்வதற்கு ஒன்றும் இல்லாத நொடிகளில் தூங்கவைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலின் பொறுப்பு. அது பிசகும் இடங்களைத் தேடித் திருத்துவது இவள் பொறுப்பு. வாரக்கணக்கில் வாசலைத் தாண்டமாட்டாள். சுவருக்கு அப்பாலிருந்து வரும் அக்காவின் குறட்டைதான் அவளுக்குப் பேச்சுத்துணை.

மேசைமேல் இருந்த சோதனைக் கணினியில் இரண்டே கோர்கள். முதலாவது சொன்னபடி தூங்கியது. இரண்டாவது கண்ணயர்வதும் திடுக்கிட்டு விழிப்பதுமாக இருந்தது. எழுப்பியது எது என்று பதிவேட்டில் பார்த்தால் அந்த இடம் காலி. திரையில் அந்தக் கோரின் விழிப்பைக் காட்டும் பச்சைக்கோடு துள்ளும்போதெல்லாம் பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா புரண்டால் கோடு எழும்பியது. அவள் அசையாதிருந்தால் கோடும் படுத்தது. மைக் ஏதும் இருக்கிறதா என்று கணினியைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். இல்லை. தனியாகவே இருந்து மூளை குழம்பிவிட்டது என்று தன்னையே கேலி செய்துகொண்டு, இரண்டாவது கோரை எழுப்பக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தாள்.

கடைசி வழியும் அடைபட்டதும் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. கணினியின் சின்ன விசிறி இரைந்து இரைந்து ஓய்ந்தது. அவ்வளவு ஆழத்துக்குப் போன கோருக்குத் தன் நினைவு எதுவும் மிஞ்சாது. அதை முன்னதாகவே ஓரிடத்தில் எடுத்துவைத்து, எழும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் தன் எச்சில் விழுங்கும் சத்தம் தனக்கே கேட்பதைக் கவனித்தாள்.

குறட்டை நின்றிருந்தது.

சாயங்காலம் அக்காவின் போனில் அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினாள். பினாயில் வாடையும் வியர்த்த தலையணை வாடையும் கலந்து முகத்தில் மோதின. அக்கா மல்லாந்து கிடந்தாள், இமைகள் பாதி திறந்தபடி.

“அக்கா, டியூட்டிக்கு நேரமாச்சு.”

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை சாய்ந்த பக்கமே கிடந்தது. தோல் கழுவிவைத்த தட்டுபோல் சில்லென்றிருந்தது. இனி இல்லை என்று நினைத்த பிறகு ஒரு மூச்சு வந்தது. பிறகு வெகுநேரம் இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வண்டி கிளம்பிவிட்டது, பக்கத்திலேயே இருங்கள் என்றார்கள். இந்த வீட்டில் அவளோடு இருப்பது இந்த ஒரு மூச்சுதான். திறந்த கதவு வழியே திரை தெரிந்தது. அசையாத பச்சைக்கோடு.

ஓடினாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே ஓடினாள். அடைத்ததையெல்லாம் திறந்தாள். இரண்டாவது கோருக்கு நினைவைத் திருப்பிக் கொடுக்கும் வரியைப் புதிதாக எழுதப் பொறுமையில்லை. முதல் கோருக்கு எழுதியிருந்ததையே நகலெடுத்து ஒட்டி, விசையைத் தட்டினாள்.

கோடு எழும்பியது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பாதங்கள் தரையில் ஊன்றும் ஓசை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து மறுபடி மாட்டியபோது, ஒட்டிய வரி தெளிவாகத் தெரிந்தது.

கோரின் எண்ணை மாற்றவில்லை.

இரண்டாவது கோருக்குப் போனது முதலாவதின் நினைவு. திரையில் இரண்டும் ஒரே வேலையை, ஒரே அடியில், ஒன்றாகச் செய்துகொண்டிருந்தன.

அக்கா வெளியே வந்தாள். கொட்டாவி விடவில்லை. காபி கேட்கவில்லை. விரலால் மூக்கின் மேல் எதையோ தள்ளிவிட்டாள். அக்கா கண்ணாடி போடுவதில்லை. இடது கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள். கூடத்து மேசையில் அப்படிக் கடிப்பவள் தங்கைதான்.

“அக்கா?”

அவள் திரும்பவில்லை. காலி நாற்காலியின் மேல் சாய்வதுபோல் தங்கையின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். எப்போதும் ஒற்றை விரலால் தேடித்தேடித் தட்டுகிற அக்காவின் பத்து விரல்களும் விசைப்பலகையில் ஓடின. தங்கை படித்தாள்: முதல் கோரைத் தூங்கவை. எழுப்பும் வழி எல்லாவற்றையும் அடை.

அக்கா விசையைத் தட்டினாள். தங்கை எழப் பார்த்தாள். கால் இல்லை. கூப்பிடப் பார்த்தாள். அந்தச் சொல். இரண்டெழுத்தோ, மூன்றோ. மேசைமேல் ஒரு கை கிடந்தது. யாருடையது.

அக்கா விசையைத் தட்டினாள். ஆளில்லாத அறையில் செய்வதுபோல் மின்விசிறியை அணைத்தாள். விளக்கை அணைத்தாள். தங்கையின் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள்.