நாற்பதாவது குறை

நான்காம் வாசலுக்கு எதிரே தரையில் ஒரு மச்சம் இருந்தது.

டார்லா ப்ரூட் முதலில் அதைக் கல் என்றுதான் நினைத்தாள். மொசைக் தரையில் கல் இல்லாமல் கடுகையா தாளித்துக் கொட்டியிருப்பார்கள்? வெள்ளைச் சலவைக்கல்லும் பச்சைக் கண்ணாடித் தூளும் கிளிஞ்சல் துண்டுகளுமாக, ஊரோரம் ஓடும் பிளாட் ஆற்றையே கரையோடு பெயர்த்துவந்து விமான நிலையத்துக்குள் படுக்கவைத்தது போல நானூறு அடிக்கு ஓடிய அந்தத் தரையில், மிளகளவில் பழுப்பாக ஒன்று. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். விளிம்பில் கொஞ்சம் பிசிறு. நடுவில் ஒற்றை முடி.

வேறு எவருக்கும் குமட்டியிருக்கும். டார்லாவுக்கு உச்சி குளிர்ந்தது. இடுப்பில் தொங்கிய நீல ஒட்டுநாடாச் சுருளில் விரல் நீளம் கிழித்து அதன்மேல் ஒட்டினாள்.

"ஒண்ணு," என்றாள், மிட்டாய்க்கடைக்குள் நுழைந்த பிள்ளையைப் போல.

நகராட்சி தன் பழைய விமான நிலையத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு கலைப்படைப்பும் வைத்தாக வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். நூற்று எண்பது பேர் விண்ணப்பித்தார்கள். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். டார்லா, கூரையிலிருந்து முந்நூறு கண்ணாடிக் கொக்குகளைத் தொங்கவிடுவதாக வரைந்திருந்தாள். ஐலீன் வோஸ், தரையில் ஆற்றை ஓடவிடுவதாக. இருபத்தாறு வருடம் ஒரே கட்டடத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த தோழிகள். ஐந்துக்கு நான்கு ஓட்டு என்று ஐலீன் ஜெயித்தாள். டார்லாவுக்கு 'மாற்றுக் கலைஞர்' என்றொரு தாள் வந்தது. அன்றைக்கு அவள் நெஞ்சில் ஏறிய பொறாமையை விமான நிலையத் தராசில் வைத்திருந்தால் முள் முறிந்திருக்கும். கூடுதல் சுமை என்று சரக்கு விமானத்தில் தனியாகத்தான் அனுப்பியிருப்பார்கள்.

அந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. பிடிக்காததைப் பார்த்தால், "வித்தியாசமா இருக்கே" என்பார்கள்; அதற்குமேல் வசவு கிடையாது. டார்லாவும் இலவங்கப்பட்டைச் சுருள்ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய், "ரொம்ப வித்தியாசமா இருக்குடி ஐலீன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தரைக்குச் சாந்து கலக்கிய நாளில் ஊர்மக்கள் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து போட்டார்கள். பொத்தான், சாவி, கோலிக்குண்டு. டார்லா தன் மாதிரிக் கொக்கைச் சுத்தியலால் நொறுக்கி, பெருவிரலைக் கிழித்துக்கொண்டு, இரத்தத்தைக்கூடத் துடைக்காமல் ஒரு தகரத் தட்டில் அள்ளிவந்து கொட்டினாள். எல்லோரும் பார்க்கட்டும், இவளால் நான் எதை இழந்தேன் என்று. ஐலீன் என்ன செய்தாள் தெரியுமா? கட்டிப்பிடித்து அழுதாள்.

"உன்னையே குடுத்துட்டியேடி!"

அந்த அழுகையைத்தான் டார்லாவால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஒப்படைக்கும் முன் ஊர்ச் சார்பில் மூன்று பேர் தரையை நடந்து பார்க்க வேண்டும். குறை கண்ட இடத்தில் நீல நாடா. பின்னாலேயே வேலையாள் வந்து அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, புதுக் கல் போட்டு அடைப்பார். அப்படித் தேய்த்து அடைத்தால்தான் ஒரு குறை கணக்கில் ஏறும். நாற்பது ஏறிவிட்டால் ஒப்பந்தம் ரத்து; மாற்றுக் கலைஞருக்கு அழைப்பு. நகராட்சியின் கலை அலுவலர் கர்ட், ஈ கடித்தாலும் நன்றி சொல்லுகிற மனுஷர், தோற்றவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று டார்லாவையே மூவரில் ஒருத்தியாகப் போட்டிருந்தார். பாலுக்குப் பூனை காவல். மற்ற இருவரும் ஒரு மணி நேரம் உலாத்தி, எல்லாம் அருமை என்று கையெழுத்திட்டு, சில்லி என்கிற இறைச்சிக் குழம்பு சாப்பிடப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை ஆறு குறை கண்டாள். வேலையாள் செலஸ்தீனோ தேய்க்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இதுல என்ன மேடம் குறை? எனக்குக் கல்லுதான் தெரியுது."

"முடி தெரியல? கண்ணுல என்ன, நீயும் சாந்து பூசிக்கிட்டியா?"

"நீங்க ஒட்டுங்க, நான் தேய்க்கிறேன். எனக்கென்ன, தரை அழுவுமா?" என்று சிரித்துக் காதுமூடியை மாட்டிக்கொண்டான்.

அன்று மாலை குளிக்கும்போது இடது முழங்கையின் கீழே பார்த்தாள். பிறந்ததிலிருந்து இருந்த மச்சத்தைக் காணவில்லை. அந்த இடம் வழவழவென்று, குளிர்ந்து, சற்றுப் பச்சையாக இருந்தது. சுண்டிப் பார்த்தாள். டிக் என்றது. வலிக்கவில்லை. வைத்தியச் செலவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் குளியலறை விளக்கை அணைக்கப் போன கை பாதியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். சன்னல்களை இன்னும் பால்நிறப் பிளாஸ்டிக் தாளால் மூடியே வைத்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில் அடித்தும் உள்ளே வெளிச்சம் கஞ்சித்தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது, காற்று வரும்போதெல்லாம் தாள்கள் உப்பி, அடங்கி, மறுபடி உப்பி, யாரோ நோயாளி பக்கத்துப் படுக்கையில் மூச்சுவிடுவது போலச் சத்தம் போட்டன, ஈரக்கல்லும் பிசினும் கலந்த வாடை நாக்கின் அடிவரை இறங்கியது. ஆறாம் வாசலருகே கண்ணாடித் துணுக்குகளுக்கு நடுவே ஒரு கால்விரல் நகம். கோணல் நகம். ஏழு வயதில் பசு மிதித்ததால் கோணிப்போன, அவளுடைய நகம்.

நின்றாள். அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ முயன்றாள்.

அப்புறம் நாடாவைக் கிழித்தாள்.

அன்று மட்டும் பதினைந்து. கைவிரல் நகங்கள் பத்தும் ஒரே கொத்தாகக் கிடந்தன, கிளிஞ்சல் போல. அம்மைத் தழும்பு. முழங்காலின் மடிப்பு. வீடு திரும்பிச் சமையலறையில் நடந்தபோது பாதங்கள் தரையில் கிளிக், கிளிக் என்றன. பூனை அவளைப் பார்த்து முதுகைத் தூக்கி, பரண்மேல் ஏறி, இறங்கவே இல்லை.

புதன்கிழமை மதியம் ஐலீன் சாப்பாட்டோடு வந்தாள். இரண்டு கிண்ணம் சில்லி, இரண்டு சுருள்ரொட்டி. பலகைமேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐலீன் அவள் கையைப் பிடித்துவிட்டுத் தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

"வயசாகுதுல்ல."

"முப்பத்தொண்ணு ஆயிடுச்சாமே. கர்ட் சொன்னாரு." ஐலீனின் கரண்டி கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "இன்னும் ஒம்பதுதான். போதும்டி டார்லா. விட்டுடு."

"குறைய குறைன்னுதானே சொல்றேன்? ஒழுங்கா போட்டிருந்தா நான் ஏன் ஒட்டப்போறேன்?"

ஐலீன் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உண்மையச் சொல்லட்டுமா? உன் கொக்குதான் நல்லா இருந்துச்சு. எனக்கே தெரியும்."

இரக்கம்! பொறாமைக்காரியின் தட்டில் இதைவிடக் கொடிய விஷத்தை வைக்க முடியுமா? சில்லி கொதிக்கக் கொதிக்க இருந்தது. டார்லா ஒரு கரண்டி வாயில் போட்டாள். சூடே தெரியவில்லை. தொண்டையில் இறங்கும்போது கல்லில் கல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ ஜெயிச்சப்ப ஏன் வாய மூடிட்டு இருந்தே?" என்றாள்.

டார்லா எழுந்து போய் மாலைக்குள் இன்னும் எட்டு ஒட்டினாள். தோள். முதுகு. வயிற்றில் பிள்ளை பெற்ற கோடுகள். ஒவ்வொன்றையும் செலஸ்தீனோ தேய்த்தான். சாம்பல் நிறச் சேறு வழிந்து ஓடியது. அவள் உடம்புக்குள் ஏதோ ஒரு சத்தம் அடங்கியது. முப்பத்தொன்பது.

வியாழக்கிழமை. கடைசி நாள்.

காலையிலிருந்து தேடினாள். தரை பழுதின்றி மின்னியது. இடுப்பு வளையவில்லை, முழுதாக விழுந்து, தவழ்ந்து தேடினாள். முழங்கால்கள் கிறீச்சிட்டன. தாள்கள் உப்பின. அடங்கின. ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

பன்னிரண்டாம் வாசல். மூலை.

இரண்டு கண்கள்.

சாம்பலும் பச்சையுமான கண்கள். அவளுடையவை. ஆற்று நீரின் அடியிலிருந்து பார்ப்பது போல மேலே பார்த்தன.

டார்லா பின்னால் நகர்ந்தாள். வேண்டாம். இது வேண்டாம். முப்பத்தொன்பதோடு போகட்டும். கையும் காலும் கல்லானால் ஆகட்டும், கண் இருந்தால் கொக்கு செய்யலாம், யாரையாவது வைத்துச் செய்துகொள்ளலாம். இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். போய்விடுவதென்றே முடிவு செய்தாள். உண்மையாகவே முடிவு செய்தாள்.

அப்போதுதான் எதிர்ச்சுவரில் அதைப் பார்த்தாள். யாரோ பித்தளைப் பலகை ஒன்றைத் திருகி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கைநீளப் பலகை. அந்த மங்கல் வெளிச்சத்திலும் தங்கமாகப் பளபளத்தது. 'ஆறு. கலைஞர்: ஐலீன் வோஸ்.' ஊர் உள்ளவரை. விமானம் பறக்கும்வரை. வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான்.

தரையிலிருந்த கண்களும் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நாடாவைப் பல்லால் கிழித்தாள். ஒட்டினாள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே துண்டு.

ஐயோ, என்ன செய்தேன்! எடுத்துவிடலாம். விளிம்பைச் சுரண்டினாள். விரல் வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. நகம் இருந்தால்தானே. பத்து விரலும் கூழாங்கல். குனிந்து பல்லால் எடுக்கப் பார்த்தாள். கழுத்து மடங்கவில்லை.

பின்னால் சக்கரச் சத்தம்.

"கடைசி ஒண்ணா மேடம்? நீங்க விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்." செலஸ்தீனோ. காதுமூடியை மாட்டினான். "கொஞ்சம் தள்ளிக்குங்க."

நகர முடியவில்லை. ஈரத்தில் முழங்கால் தரையோடு கவ்விக்கொண்டது. வேண்டாம் என்றாள். அவன் சிரித்துத் தலையாட்டினான். வேண்டாம் என்று கத்தினாள். இயந்திரம் உறுமியது.

அவளைச் சுற்றிக்கொண்டு போய், நாடாவை நீளவாக்கில் உரித்துப் போட்டான். தண்ணீர் ஊற்றினான். கண்கள் இமைத்தன.

சக்கரம் இறங்கியது.

முதலில் வலது. வலிக்கவே இல்லை. கூடத்தின் பாதி அணைந்தது, அவ்வளவுதான். மீதிப் பாதியில் அவன் கரண்டியால் பச்சைக் கற்களை அள்ளிக் குழியில் போட்டு, பிசின் ஊற்றி, கட்டைவிரலால் நீவுவதைப் பார்த்தாள். தூரத்தில் கர்ட் கையில் தாளோடு ஓடிவந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் வாயாக.

"டார்லா மேடம்! இதோட நாப்பது! வாழ்த்துகள்! இனி எல்லாம் உங்க கொக்குதான்!"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து மணல் கொட்டியது.

செலஸ்தீனோ ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தான். அழகாக இருந்தது. இயந்திரத்தை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினான்.